சோயிச்சி பாட்டுக்குள் வைத்த பொறி

ஓசாகாவின் ஹொரியே கால்வாய்ப் பக்கம் மினேகாவா சோயிச்சியைத் தெரியாதவர்கள் கிடையாது. அவருடைய பாட்டை அறிந்தவர்களைவிட அவருடைய சந்தேகத்தை அறிந்தவர்களே அதிகம். மீன்காரன் எடை போட்டுக் கொடுத்தால் மீனை வாங்கிக் கையில் தூக்கிப் பார்ப்பார். பக்கத்து வீட்டுக்காரர் கொஞ்சம் குழைந்து வணக்கம் சொல்லிவிட்டால் போதும், வீட்டுக்குள் வந்ததும் வராததுமாய், "இவன் ஏன் இன்னிக்கு இப்படி இளிக்கிறான்?" என்று மனைவியைக் கேட்பார். இளித்தது இவருக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்டதில்லை. சின்ன வயதில் அம்மை வந்து இரண்டு கண்ணும் போய்விட்டது. குரலில் இருக்கிற இளிப்பு அவருக்குக் காதிலேயே தெரிந்துவிடும்.

மனைவி ஷினோ அரிசிப் பணியாரக் கடைக்காரரின் மகள். ஒரு மழை நாளில் வழி தவறி நின்ற சோயிச்சியை அவள்தான் வீடு வரை கொண்டுவந்து விட்டாள். 'இவளுக்கு இதில் என்ன லாபம்?' என்று அவர் யோசித்து யோசித்துப் பார்த்தார். விடை கிடைக்காமலே கல்யாணமும் ஆகிவிட்டது. அன்றிலிருந்து அவர் வெளியே போவதெல்லாம் அவள் தோளில் கை வைத்துக்கொண்டுதான்.

அவர் தொழில் ஷாமிசென் வாத்தியத்துக்குப் பாட்டுக் கட்டுவது. மூன்றே தந்திதான், ஆனால் முழுப் பாட்டையும் அது தாங்கும். இளமையில் கண் தெரியாத இசைக்காரர்களுக்கென்று ஒரு சங்கம் இருந்தது. பட்டம், பதவி, மரியாதை எல்லாம் இருந்தன. புது அரசாங்கம் வந்து ஒரே உத்தரவில் சங்கத்தைக் கலைத்துவிட்டது. அதன் பிறகு சோயிச்சி வியாபாரிகள் வீட்டுப் பெண்களுக்குப் பாடம் சொல்லிப் பிழைத்தார். அந்தத் தொழிலில் எதையும் யாரும் எழுதி வைப்பதில்லை. எல்லாம் காதிலும் விரலிலும்தான். ஒரு பாட்டை நல்ல காது உள்ளவன் இரண்டு தரம் கேட்டுவிட்டால் அது அவன் வீட்டுக்கும் போய்விட்டது என்று அர்த்தம். ஆகையால் அவருடைய சந்தேகத்தை முழுக்கக் கிறுக்கு என்றும் சொல்லிவிட முடியாது.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஒருவர் ஷாமிசென் பாட்டைக் கட்டுவார். அதோடு சேர்ந்து வாசிக்கிற கோட்டோ என்ற வாத்தியத்தின் பகுதியை, பதின்மூன்று தந்திக்கும் வேலை கொடுத்து, வேறொருவர் கட்டுவார். சபையில் இரண்டு பேரின் பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். சோயிச்சி முப்பது வயதில் 'நாணல் கரை' என்று ஒரு பாட்டுக் கட்டினார். கோட்டோவைக் கட்டியவர் குரஹாஷி. ஒரே குருவிடம் ஒரே பாயில் உட்கார்ந்து படித்தவர். அவருக்கும் கண் தெரியாது. கோட்டோ என்னவோ அவ்வளவு நன்றாக அமைந்துவிட்டது. ஊரில் அதைக் 'குரஹாஷியோட நாணல் கரை' என்று சொல்லத் தொடங்கினார்கள். ஒரு நாள் புதிதாகப் பாடம் படிக்க வந்த ஒரு பெண் சோயிச்சியிடமே, "குரஹாஷி ஐயா கட்டின அந்தப் பாட்டு உங்களுக்கு வருமா?" என்று கேட்டுவிட்டாள். சோயிச்சி பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு நேரே குரஹாஷி வீட்டு வாசலுக்குப் போனார். "இனிமே உன் குரலே என் காதுல விழக்கூடாது" என்றார்.

அதற்குப் பிறகு வெகு காலம் சோயிச்சிக்குப் புதிதாக ஒன்றும் வரவில்லை. மீசை நரைத்த பிறகு, ஒரு ஆனி மழைக்காலத்தில், திடீரென்று வந்தது. மழை விட்டதும் கரையில் கட்டியிருந்த படகுகளை அவிழ்த்து விடுகிற பாட்டு. தன் வாழ்நாளில் கட்டியதிலேயே இதுதான் சிறந்தது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. வசந்த காலத்தில் கோயில் மண்டபத்தில் ஓசாகா இசைக்காரர்கள் எல்லாரும் கூடுவார்கள். அங்கே இதை வாசித்து, சோயிச்சியின் பாட்டு என்று ஒரே ஒரு பெயர் மட்டும் சொல்லப்பட வேண்டும் என்று ஆசைப்பட்டார். கோட்டோவையும் தானே கட்டிவிடுவதாக முடிவு செய்தார். ஆனால் அவர் கட்டிய கோட்டோ, எதைச் சொன்னாலும் ஆமாம் போடுகிற வேலைக்காரன் மாதிரி, ஷாமிசென் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.

பாட்டு வெளியே போகாமலிருக்க அவர் செய்த ஏற்பாடுகளைப் பார்த்துத் தெருவே சிரித்தது. தந்தத் தகட்டால் மீட்டினால் சத்தம் தெருவுக்குப் போகும் என்று வெறும் நகத்தால் மீட்டினார். கதவிடுக்கில் மெத்தையைச் சொருகினார். ஷினோ தண்ணீர் எடுக்கப் போயிருக்கும் நேரத்தில்தான் வாத்தியத்தைத் தொட்டார். காலையில் பாடம் சொல்வது, பிற்பகலில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் பொதுக் குளியல்கூடத்துக்குப் போய்வருவது, வந்து கதவைச் சாத்திக்கொள்வது, இப்படியே நாள் போனது.

ஒரு நாள் பாடம் சொல்லப் போகிற வழியில் குரஹாஷி வீட்டு வேலியைத் தாண்ட வேண்டியிருந்தது. உள்ளே கோட்டோ சத்தம் கேட்டது. விசித்திரமான வாசிப்பு. இரண்டு அடி எடுத்து வைப்பது போல் வாசிப்பு, பிறகு மௌனம். மறுபடி கொஞ்சம், மறுபடி மௌனம். தனியாகக் கேட்டால் பொருளே இல்லை. ஷினோவின் தோளில் இருந்த சோயிச்சியின் விரல்கள் தாமாகவே அசைந்தன. அந்த மௌனங்களில் எல்லாம் அவருடைய படகுப் பாட்டு அச்சாகப் பொருந்தியது.

"என்னங்க, தோளப் போட்டு இப்படி அழுத்துறீங்க?" என்றாள் ஷினோ.

"கல்லு தடுக்குச்சு."

"இங்க கல்லே இல்லியே."

"தடுக்குச்சுன்னா தடுக்குச்சு. நட."

அன்று பாடம் படித்த பெண் எதை எப்படி வாசித்தாளோ, அவர் காதில் ஒன்றும் ஏறவில்லை. தன் பாட்டு குரஹாஷியிடம் போய்விட்டது. வசந்தக் கூட்டத்தில் அவன் முந்திக்கொண்டு வாசித்துவிட்டால் இதுவும் 'குரஹாஷியோட' பாட்டு. யார் கொண்டுபோய்க் கொடுத்தது?

வீட்டுக்குள் வந்து போகிறவர்கள் இரண்டே பேர். ஒருத்தி ஷினோ. தெருமுனையிலேயே சோயா தயிர்க்கட்டிக் கடை இருக்கும்போது, அவள் பாலத்தைத் தாண்டிக் குரஹாஷி தெருவுக்குப் போய் வாங்குகிறாள். கேட்டால், முனைக் கடையில் புளிக்கிறது என்கிறாள். சோயிச்சி ரகசியமாக முனைக் கடையில் வாங்கித் தின்று பார்த்தார். புளிக்கவில்லை. அல்லது புளித்ததோ என்னவோ, சந்தேகத்தோடு தின்றால் நாக்கும் ஒழுங்காக வேலை செய்வதில்லை. இன்னொருத்தி உமேனோ, காகித வியாபாரியின் மனைவி, அவரிடம் வெகு நாளாகப் பாடம் படிப்பவள். அவள் வாயில் எந்தச் சேதியும் பகல் சாப்பாடு வரைகூடத் தங்காது.

யோசித்து யோசித்து ஒரு பொறி வைத்தார். பாட்டின் நடுவில் குரல் இல்லாமல் தந்தி மட்டும் பேசுகிற நீண்ட பகுதி உண்டு. அதன் கடைசியில்தான் படகு கரையை விட்டு விலகுகிறது. உண்மையான பாட்டில் அந்த இடத்தில் சுரம் சட்டென்று மேலே தாவி, அப்படியே நின்றுவிடும். ஷினோவுக்கு வாசித்துக் காட்டும்போது அதை மாற்றி, படிப்படியாகக் கீழே இறங்குவது போல் வாசிப்பது. உமேனோவுக்கு வேறு விதமாக, அதே சுரத்தைச் சுற்றிச் சுற்றி வருவது போல் வாசிப்பது. உண்மையானதை யாருக்கும் காட்டுவதில்லை, வாத்தியத்தில்கூட வாசிப்பதில்லை, மனசிலேயே பூட்டி வைப்பது. குரஹாஷி வீட்டில் எது கேட்கிறதோ அதைக் கொடுத்தவள்தான் திருடி.

உமேனோ கேட்டுவிட்டு ஆகா ஓகோ என்றாள். ஷினோ அப்படி எதுவும் சொல்லவில்லை. கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர் ஒரு தரமாவது அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கேட்டுச் சொல் என்று சொன்னதில்லை. இதுதான் முதல் தரம்.

"கடைசியில எறங்கி வர்ற எடம் இருக்கே, அது அழுகையக் கொண்டுவருதுங்க" என்றாள்.

'மற்ற இடத்தையெல்லாம் விட்டுவிட்டு இவள் ஏன் அந்த இடத்தை மட்டும் பிடிக்கிறாள்?' என்றுதான் சோயிச்சிக்குத் தோன்றியது. மறுநாள் சிவப்புப் பயறு போட்டுச் சோறு ஆக்கினாள். விசேஷ நாளில் ஆக்குகிற சோறு. என்ன விசேஷம் என்று கேட்டார். சும்மாதான் என்றாள். அவர் தட்டைத் தடவித் தடவிச் சாப்பிட்டார். பிறகு அவள் அரிசி களையும்போது அந்தக் கீழிறங்குகிற பொய்யை மெல்ல முணுமுணுத்தாள். அவருக்கு என்னவோ போல் இருந்தது. ஆனாலும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

குளிர் தொடங்கிய பிறகு ஒரு நாள், ஏதோ சாக்குச் சொல்லி ஷினோவை அந்தத் தெரு வழியாகக் கூட்டிப் போகச் சொன்னார். செருப்பு வார் அறுந்ததாகச் சொல்லி வேலியருகில் நின்றார். உள்ளே கோட்டோ நடுப்பகுதியை வாசித்துக்கொண்டிருந்தது. அந்த இடம் வந்தது. கோட்டோ இறங்கவில்லை, சுற்றவும் இல்லை. மேலே தாவுகிறதற்கு இடம் விட்டு நின்றது. ஷாமிசென் தாவி நின்றிருக்கும் கணத்துக்குப் பிறகு, அந்த மௌனத்துக்குள் ஒரே ஒரு தந்தியைத் தொட்டது. சோயிச்சிக்கு மயிர்க்கால்கள் குத்திட்டன. யாருக்கும் வாசிக்காததை, மனசுக்குள் பூட்டி வைத்ததை எடுத்துவிட்டான். நரி ஆவி கிவி பிடித்து ஆட்டுகிறதோ என்று பயந்தார். கூடவே, அந்த ஒற்றைத் தந்தி ஒலிதான் தான் இத்தனை மாதமாகத் தேடியது என்பதும் தெரிந்தது. அதுதான் அவருக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

அடுத்த நாள் ஷினோவிடம் சொல்லாமல் கம்பைத் தட்டிக்கொண்டு தனியாகவே போனார்.

"வா சோயிச்சி. படியில ஈரம், பாத்து ஏறு" என்றார் குரஹாஷி. கம்புச் சத்தத்திலேயே ஆளைக் கண்டுகொண்டுவிட்டார்.

சோயிச்சி ஏறவில்லை. "என் பாட்ட எவ கொண்டாந்து குடுத்தா? என் பொண்டாட்டியா, அந்தக் காகிதக் கடைக்காரியா?"

குரஹாஷி "நீதான குடுத்த" என்றார்.

"என்ன வெளையாடுறியா?"

"குளியல்கூடத்துல, வெந்நீர்த் தொட்டில. கழுத்து வரைக்கும் முங்கிக்கிட்டு, சின், தோன், ஷான்னு ஒவ்வொரு தந்தியா வாயால சொல்லுவியே. நான் தொட்டிக்கு அந்தப் பக்கம் இருப்பேன்."

"அந்த நேரத்துல அங்க ஒருத்தரும் இருக்க மாட்டாங்க."

"நான் இருந்தேன். பேசல. என் குரலே உன் காதுல விழக்கூடாதுன்னு சொன்னது யாரு? இருமிகூடப் பாத்தேன். நீ நிறுத்தல, மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிச்ச. ஒரு நா நடுவுல ஒரு எடம் எனக்குப் பிடிபடல. மறுநா நீ அதையே திருப்பித் திருப்பிச் சொன்ன. சரி, இவன் வாயத் தெறந்து கேக்க மாட்டான், கோட்டோ போடுன்னு இப்படித்தான் சொல்றான்னு நெனச்சேன்."

பாட்டுக் கட்டுகிறவர்கள் எல்லாருக்கும் உள்ள வழக்கம்தான் அது. கை சும்மா இருந்தால் வாய் தந்தியின் ஒலியைச் சொல்லிக்கொண்டிருக்கும். மூச்சு விடுவது போல, விடுகிறவனுக்கே தெரியாது. கதவில் மெத்தையைச் சொருகிய மனிதர் தன் வாய்க்கு ஒன்றும் சொருகவில்லை. சோயிச்சியின் முகம் கொதித்தது. இல்லை என்று மறுக்கலாம். ஆனால் தொட்டியின் அந்தப் பக்கத்திலிருந்து வந்த இருமல் இப்போது அவர் நினைவுக்கே வந்துவிட்டது.

குரஹாஷியின் குரல் இறங்கியிருந்தது. "அப்ப நீ எனக்குக் குடுக்கலியா? குடுக்கலேன்னா சொல்லிடு. நான் சபையில வாசிக்க மாட்டேன். என் பேரும் வேண்டாம்."

குடுக்கவில்லை என்று சொல்லத்தான் சோயிச்சி அத்தனை தூரம் நடந்து வந்திருந்தார். தன் ஒரு பெயர் மட்டும் என்கிற ஆசை இன்னும் விடவில்லை. கூடவே அந்த ஒற்றைத் தந்தி ஒலியும் காதில் நின்றது. கடைசியில், "வீட்டுல ஷாமிசென் இருக்கா?" என்று கேட்டார்.

அன்று மாலை வரை இரண்டு பேரும் வாசித்தார்கள். மன்னிப்பு, சமாதானம் என்று ஒரு பேச்சும் இல்லை. நடுவில் குரஹாஷி ஒரு இடத்தைச் சரியில்லை என்றார், சோயிச்சி உன் கோட்டோதான் சரியில்லை என்றார், அவ்வளவுதான். வசந்தக் கூட்டத்தில் இரண்டு பெயரும் சேர்ந்தே வரும் என்று ஆனது.

லேசான மனசோடு வீட்டுக்கு வந்தார். அடுப்படியில் ஷினோ முள்ளங்கி நறுக்கிக்கொண்டே அந்தப் பொய்ச் சுரத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். படி இறங்குவது போல அழகாக இறங்கினாள். சோயிச்சி வாசலிலேயே நின்றுவிட்டார்.

பாவம், இவள் ஒன்றும் செய்யவில்லை. அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அவருக்குப் பெரிய பயம் பிடித்தது. உமேனோவிடம் மார்கழியில் ஒரு பாடத்தின்போது, அந்த இடத்தை மாற்றிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னார், அவள் சரி என்று கேட்டுக்கொண்டாள். அதையே ஷினோவிடம் சொல்ல வாய் எழவில்லை. கையால் ஒரு பொய் வாசித்தாகிவிட்டது. அதற்கு மேல் வாயால் இன்னொன்றா? நான் அழுத இடத்தை ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது? உன்னைத் திருடி என்று நினைத்தேன் என்றா? நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினார். குளிர்காலம் முழுவதும் நாளை நாளையாகவே போயிற்று. அவள் பேசாமல் இருந்தால், தெரிந்துவிட்டதோ என்று பயந்தார். சிரித்துப் பேசினால், தெரிந்துகொண்டுதான் சிரிக்கிறாளோ என்று பயந்தார். இத்தனை வருஷம் ஊரைச் சந்தேகப்பட்டவர் இப்போது தன் வீட்டிலேயே மாட்டிக்கொள்ளப் போகிறவனைப் போல நடமாடினார்.

கூட்டத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. இரண்டு பெயரையும் சொன்னார்கள். ஷினோ எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள் என்று சோயிச்சிக்குத் தெரியும், அவளுடைய சின்னத் தொண்டைக் கனைப்பு கேட்டது. பாட்டு நன்றாகவே போனது. நடுப்பகுதி வந்தது, படகு கரையை விடுகிற இடம் நெருங்கியது. மேலே தாவினால் பாட்டு பாட்டாக இருக்கும். ஆனால் தாவிய மறுகணம் அங்கே உட்கார்ந்திருக்கிறவளுக்குத் தன் கணவன் என்ன செய்தான் என்று தெரிந்துவிடும். அவர் தாவவில்லை. அவருடைய கை படிப்படியாகக் கீழே இறங்கியது. பக்கத்தில் கோட்டோ திகைத்து நின்றது. குரஹாஷி ஒரு தந்தியையும் தொடாமல் காத்திருந்து, அவர் இறங்கி முடித்த பிறகு மெல்ல வந்து சேர்ந்துகொண்டார். சபையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

"படகு மேல போகணும், நீ எறக்கிட்ட. என்ன ஆச்சு?" என்று குரஹாஷி மேடைக்குப் பின்னால் காதருகில் கேட்டார்.

"கை தவறிப்போச்சு."

"உன் கை தவறாது" என்றார் குரஹாஷி.

ஷினோவின் தோளைப் பிடித்துக்கொண்டு சோயிச்சி வீட்டுக்கு நடந்தார். கோயில் தெருவைத் தாண்டிக் கால்வாய்ப் பாலத்துக்கு வந்தார்கள். வண்டிச் சத்தமும் ஆள் சத்தமுமாக இருந்தது. பாலத்தின் நடுவில் ஷினோ நின்றாள்.

"எனக்காகத்தான் அப்படி வாசிச்சீங்களா?"

"எத?"

"கார்த்திகை மாசமே உமேனோ அம்மாவச் சந்தையில பாத்தேன். பாட்டப் பத்திப் பேச்சு வந்து முணுமுணுத்தாங்க. அந்த எடம் வேற மாதிரி இருந்துச்சு. ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பாடிப் பாத்தோம். வாத்தியாருக்கு மறதி வந்துடுச்சுன்னு அவங்க சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. உங்களுக்கு மறதி கெடையாதுன்னு எனக்குத் தெரியும்."

சோயிச்சியின் கை தோளிலிருந்து நழுவியது. "அப்பவே கேட்டிருக்கலாமே" என்றார், ஈனக் குரலில்.

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன். இன்னிக்கு வரைக்கும் பாத்தேன். நீங்க என்னடான்னா அத்தன பேருக்கு முன்னால, கோட்டோவே தெகச்சு நிக்கிற மாதிரி, அந்தப் பொய்யவே திருப்பி வாசிக்கிறீங்க. அதக் கேட்டு நான் அழுதிருக்கேங்க."

தப்புதான் என்றார். இன்னொரு தரமும் சொன்னார். அவள் அதைக் கேட்டுக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

"நெசமானது எது? பாடுங்க."

"இங்கியா?"

"இங்கதான்."

சோயிச்சி பாடினார். முதலில் வாய்க்குள், பிறகு குரல் விட்டே, தந்தி தந்தியாக. போகிறவர்கள் வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள், கீழே போன படகுக்காரன் ஒருவன் நிமிர்ந்து பார்த்தான். படகு கரையை விட்டது. சுரம் மேலே தாவி நின்றது. அவர் அந்த மௌனத்தோடு நிறுத்திக்கொண்டு, ஷினோ என்ன சொல்லப்போகிறாள் என்று காதைக் கொடுத்தார்.

"இதுதான் நெசம்னு நான் எப்படி நம்புறது?" என்றாள் அவள்.

சோயிச்சி சத்தியம் செய்யலாம். சந்தேகப்படுகிறவர்களிடம் சத்தியம் எவ்வளவு தூரம் எடுபடும் என்பது அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? இந்த ஊரிலேயே அவருக்காகச் சாட்சி சொல்ல ஒரே ஒருவன்தான் இருந்தான்.

"குரஹாஷியக் கேளு" என்றார். "அவனுக்குத் தெரியும்."

"கேக்கத்தான் போறேன்" என்றாள் ஷினோ. அவர் கையைப் பிடித்துத் தன் தோளில் வைத்தாள். திரும்பி, வந்த வழியே கோயிலைப் பார்த்து நடந்தாள்.